முப்பிடாதி மகளின் உள்ளிருப்புப் போராட்டம்

கோரைமுனையில் உப்பு விளையாத வருஷம் உண்டு, ஊர்வலம் போகாத வருஷம் கிடையாது. மழை முந்திக்கொண்டு வந்து பாத்திகளைக் கரைத்துவிட்டுப் போன வருஷங்களிலும், கடல் ஏறிக் கரைகளை உடைத்த வருஷங்களிலும், விலையில்லை என்று சொல்லி முதலாளிமார் உப்பளத்தைப் பூட்டிய வருஷங்களிலும், கொடியைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ்வரை நடந்து, வெயிலில் நின்று கத்தி, தொண்டை கட்டித் திரும்பிய ஊர் எங்கள் ஊர். அப்படி நடந்து நடந்துதான் அரசு ஆஸ்பத்திரி வந்தது. அப்படிக் கத்திக் கத்தித்தான் அதற்குள் ஆபரேஷன் தியேட்டர் வந்தது. வந்த தியேட்டர் பூட்டியே கிடந்ததால் மறுபடியும் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்களையெல்லாம் நிறுத்தி, போலீஸ் வேனில் ஏறி இறங்கி, மயக்க ஊசி போடுகிற டாக்டர் ஒருவரையும் வாங்கினோம். அவர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற கிழமைகளில் கோரைமுனையில் யாருடைய வயிற்றையும் திறப்பதற்கில்லை.

ஆகவே முப்பிடாதிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் வலி கண்டதை ஊர் அதிர்ஷ்டம் என்றது. உப்புத் தொழிலாளர் சங்கம் அதைச் சாலை மறியலின் சாதனை என்றது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அப்படி அறிவித்தது நான்தான், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

முப்பிடாதி வடக்கு அளத்தில் உப்புச் சுமப்பவள். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்துப் பேச ஒரு புருஷன் இருந்தான். ஐகோர்ட்துரை என்று பெயர். ஐகோர்ட் என்பது எங்கள் பக்கத்துச் சாமி ஒன்றின் பெயர், அந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அப்படி வைத்தார்கள், மற்றபடி அவன் எந்தக் கோர்ட்டிலும் ஜெயித்தவனில்லை. சங்கத்தில் முழக்கம் எழுப்புகிற வேலை அவனுக்கு. அவன் வடக்கு அளத்து வரப்பில் நின்று 'இன்குலாப்' என்று எடுத்தால் தெற்கு அளத்தில் நிற்கிற கூழைக்கடாக்கள் எழுந்து பறக்கும். 'ஜிந்தாபாத்' என்று நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் அவை திரும்ப இறங்கும்.

அன்று பனிக்குடம் உடைந்தபோது அவள் தலையில் உப்புப்பெட்டி இருந்தது. தண்ணீர் பச்சையாக இறங்குவதைப் பார்த்து, பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்துகொண்ட பெண்கள் உப்பு லாரி ஒன்றை மறித்து, மூட்டைகளின் மேலேயே அவளைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் ஹெப்சிபா வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். ஓடுவதும் நிற்பதும் மறுபடி தயங்கித் தயங்கி ஓடுவதுமாக இருந்தது அது. ஹெப்சிபா எங்களுக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. நாங்கள் கொடுக்கிற துண்டறிக்கையை மரியாதையாக வாங்கி, திருப்பி, பின்பக்கத்தில் மருந்துச் சீட்டு எழுதி எங்களிடமே கொடுப்பார். அன்று அவர் ஒன்றும் எழுதவில்லை. கையைக் கழுவப் போய்விட்டார்.

உலை கொதிக்கிற நேரத்துக்குள் குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்கள். பெண். நீலமாக, நனைந்த துணிபோலத் துவண்டு, அழாமல் வந்தாள்.

இனி நடந்ததை நர்ஸ் அமலி சிஸ்டர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். அழாத குழந்தை என்றால் தொப்புள்கொடியை உடனே கவ்வி, வெட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓட வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். ஏனென்றால் குழந்தைக்குச் சூடு கொடுக்கிற மேடை பக்கத்து அறையில்தான் இருந்தது. அது அங்கே இருந்ததற்குக் காரணம், கரண்ட் வருகிற பிளக் அங்கேதான் இருந்தது. சிஸ்டர் கத்தரியை எடுத்து நீட்டினார். ஹெப்சிபா வாங்கவில்லை. கொடியின் அடியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். அது துடித்துக்கொண்டிருந்தது. தாய் இன்னும் மகளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து அதை நிறுத்த நான் யார் என்று கேட்டுவிட்டு, குழந்தையை எங்கும் கொண்டுபோகாமல், தாயின் கால்களுக்கு நடுவே சூடான துணியை விரித்துக் கிடத்தி, அங்கேயே வேலையைத் தொடங்கினார். துடைத்தார். முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். தலையைக் கொஞ்சமாக நிமிர்த்தி, மூக்கும் வாயும் மூடும்படி சின்ன முகமூடியை வைத்து, அதோடு சேர்ந்த ரப்பர் பையை மெல்ல அமுக்கினார். ஊது, ரெண்டு, மூணு. ஊது, ரெண்டு, மூணு. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நீலம் போய்ச் சிவப்பு வந்தது. இதயம் நன்றாக அடித்தது. எல்லாம் சரியாக இருந்தது, மூச்சைத் தவிர. பையை அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும், சொந்தமாக ஒரு மூச்சு அவள் விடுவதாக இல்லை.

சாதாரணமாக இந்தக் கொடி கொஞ்ச நேரத்தில் வெளுத்துத் தளர்ந்து தன் வேலையை முடித்துக்கொள்ளும். இது முடித்துக்கொள்ளவில்லை. மயக்க டாக்டருக்கு பஸ் வந்துவிட்டது, அவர் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமைவரை வயிற்றைத் திறந்து வைத்திருக்க முடியாது என்பதால் ஹெப்சிபா தைத்தார். கொடி வெளியே வருவதற்கு மட்டும் ஒரு பொத்தான் துளை அளவுக்கு விட்டுத் தைத்தார். தையல் நன்றாக ஆறியது.

முதல் நாள் சாயங்காலம் கொடி, குழந்தை கிடந்த ஆபரேஷன் மேசைக்கும் தாயின் கட்டிலுக்கும் நடுவே தளர்ந்து தொங்கியது. மறுநாள் தரையைத் தொட்டது. முப்பிடாதியைப் பெண்கள் வார்டுக்கு மாற்றியபோது அவளோடு கிளம்பி, தியேட்டர் வாசல் தாண்டி, தாழ்வாரத்தில் நீண்டு, வார்டுக்குள் வளைந்து அவள் கட்டில்வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நீலமும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறுபோல, வெதுவெதுவென்று, துடித்துக்கொண்டே கிடந்தது. கூட்டுகிற பொன்னம்மா அதன் இந்தப் பக்கம் ஒரு கூட்டு, அந்தப் பக்கம் ஒரு கூட்டாகக் கூட்டினாள். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினார்கள். அதை வெறுமனே போடக்கூடாது என்று சொல்லி அம்மன் கோயில்காரர்கள் மஞ்சள் துணி கொண்டுவந்தார்கள். நாங்கள் சிவப்புத் துணி கொண்டுபோனோம். தாழ்வாரத்தில் இரண்டு துணிக்கும் சண்டை வந்தது. ஹெப்சிபா இரண்டையும் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு, கொதிக்க வைத்து உலர்த்திய வெள்ளைத் துணியால் ஆஸ்பத்திரி வாசல்வரை சுற்றிவிட்டார். வாசலுக்கு அப்பால் எங்களுக்கு அனுமதி உண்டு என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டோம்.

வாசலுக்கு அப்பாலும் அது போகத்தான் செய்தது. முப்பிடாதி எழுந்து நடக்கத் தொடங்கியதும் முதலில் வீட்டுக்குத்தான் போனாள், கோழிகளை அடைக்காமல் வந்திருந்தாள். அவள் நடக்க நடக்கக் கொடியும் நீண்டது. டீக்கடை, காசிம் பாயின் தையல்கடை, ரேஷன் கடை, மாதா கோயில் வளைவு எல்லாவற்றையும் தாண்டி உப்பளக் குடியிருப்புவரை போனது. பஸ் வந்தால் தேரோட்டத்தின்போது கரண்டுக் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கிற கவட்டைக் கம்புகளால் இரண்டு பேர் அதைத் தூக்கிப் பிடிப்பார்கள், பஸ் அடியில் போகும், உள்ளே இருக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பத்து நாளைக்கு முன்னால் இப்படி ஒன்று இல்லாமல் இந்தத் தெருவில் எப்படி நடமாடினோம் என்பதே எங்களுக்கு மறந்துபோனது. காசிம் பாயின் தையல் மிஷின் கொடியின் துடிப்புக்குத் தக்கபடி ஓடியது, அந்த வாரம் தைத்த ரவிக்கைகள் எல்லாம் அளவாக அமைந்தன. டீ மாஸ்டர் அதன் துடிப்பைப் பார்த்து ஆற்றினார். ஒரு ஆடு வந்து மோந்து பார்த்தது, பார்த்துவிட்டு ஒரு தடவை செருமி ஒதுங்கிப் போனது. வெளியூர்க்காரர்கள்தான் கொடியைக் கண்டு நின்றார்கள். அதில் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைகள் கேட்டார்கள்.

ஆனால் ஒரு நிமிஷம்கூட விடாமல் ரப்பர் பையை அமுக்குவது சிரிப்புக் காரியமல்ல. கொடி தாங்குகிறதே, பை எதற்கு என்று கேட்டோம். நெஞ்சு பழக்கத்தை மறந்துவிடக் கூடாது, அவளுக்கு மனசு வருகிறவரை நாம் வழியைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் ஹெப்சிபா. டாக்டர் ஒருத்தர், சிஸ்டர் ஒருத்தர், அவர்களுக்கு மற்ற நோயாளிகள் வேறு. சங்கம் பொறுப்பேற்றது. முறை போட்டு ஆள் கொடுப்பதில் எங்களை மிஞ்ச யாருமில்லை, அளத்தில் எந்தப் பாத்திக்கு யார் எப்போது என்பதை முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை, நாங்கள்தான் சொல்லுவோம். ஆனால் உப்பு வாருகிற பலகை பிடித்த கைகள் அவை. முதலில் அமுக்கியவன் அமுக்கிய அமுக்கில் ஹெப்சிபா அவன் மணிக்கட்டில் அடித்துவிட்டார். கோழிக்குஞ்சைப் பிடிக்கிறதுபோலப் பிடியுங்கள், நெஞ்சு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள், ஏறினால் போதும், அதற்குமேல் உங்கள் வீரம் வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். கையைக் கழுவச் சொல்லிக் கொடுத்தார், அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

எண்ணிக்கை மட்டும் எங்களுக்கு வரவில்லை. ஊது, ரெண்டு, மூணு என்பது கொஞ்ச நேரத்துக்கு நன்றாகப் போகும். அப்புறம் யாராவது நாலு என்பான், ஒருவன் உப்புப்பெட்டியை எண்ணுகிற ஞாபகத்தில் முப்பதுவரைக்கும் போய்விட்டான். ஐகோர்ட்துரையின் முறை வந்தபோது அவன் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்கினான். வாய் பழக்கத்தில் தானாக 'இன்குலாப்' என்றது. ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்களும் பழக்கத்தில் 'ஜிந்தாபாத்' என்றோம். அவன் கையை விட்டான். நெஞ்சு இறங்கியது. 'இன்குலாப்', ஏறியது. 'ஜிந்தாபாத்', இறங்கியது. ஹெப்சிபா ஓடிவந்தார், வாட்சைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"வேகம் சரியாத்தான் இருக்கு," என்றார். "எதையாவது சொல்லித் தொலைங்க."

அன்றிலிருந்து அதுதான் எண்ணிக்கை. உள்ளே ஒருவர் கூப்பிட, வெளியே நிற்கிற கூட்டம் பதில் சொல்லும். முறைக்கு முறை கூப்பிடுகிறவர் மாறுவார், கூட்டம் மாறும், சத்தம் மட்டும் விடாது. ஆளுங்கட்சிக்காரர்கள் வந்தால் முதலில் உதட்டை மட்டும் அசைத்தார்கள், அப்புறம் குழந்தை காரியம் என்று சத்தமாகவே சொன்னார்கள். காவலுக்குப் போட்ட ஏட்டு சொன்னார். மாதா கோயில் சாமியார் சொன்னார். வடக்கு அளத்து முதலாளியின் சம்சாரம் காரில் வந்து இறங்கி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு 'ஜிந்தாபாத்' என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இத்தனை வருஷப் பிரசாரத்தில் சாதிக்க முடியாததை மூச்சு விடாத ஒரு பிள்ளை சாதித்தது.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குள் ஒரு வழக்கு கிளம்பியது. கொடி வெட்டுப்படாததால் குழந்தை இன்னும் பிறந்ததாகாது, ஆகவே உள்ளே இருப்பது ஒரு நோயாளிதான் என்று மாவட்டத்து அதிகாரி ஒருவர் போனில் தீர்ப்பு சொல்லிவிட்டார். ஒரு கட்டில், ஒரு ரொட்டி, ஒரு டம்ளர் பால். இருவர் என்றோம் நாங்கள். ஒருவரா இருவரா என்று ஊரில் பட்டிமன்றம் நடந்தது. வீட்டில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த முப்பிடாதியிடமே போய்க் கேட்டார்கள், நீ ஒருத்தியா ரெண்டு பேரா என்று. பசிக்கிறபோது ரெண்டு பேர், வேலை செய்கிறபோது ஒருத்தி என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருக்கிற இடத்தைவிட்டு நகராமல், வேலையைத் தொடங்காமல், யாருக்கும் தீங்கு செய்யாமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒருத்தி படுத்திருக்கிறாள் என்றால் அதற்கு எங்கள் அகராதியில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. உள்ளிருப்புப் போராட்டம். செயற்குழு கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது. கோரிக்கைகளை நாங்களே எழுதினோம், அவளுக்கு இன்னும் எழுதத் தெரியாததால். எல்லா நாளும் மயக்க டாக்டர் வேண்டும். சூடு கொடுக்கிற மேடை ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்திலேயே வேண்டும், அதற்கு ஒரு பிளக் வேண்டும். தாயும் பிள்ளையும் இரண்டு பேர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவை நிறைவேறும்வரை தோழர் மூச்சு விடமாட்டார். சுவரெல்லாம் எழுதினோம். படித்துவிட்டு ஐகோர்ட்துரைக்கு ஒரே பெருமை. அவன் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அதற்குள் சங்கத்தில் உறுப்பினர்.

முப்பிடாதியிடம் மட்டும் போராட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமென்று அப்போது தோன்றவும் இல்லை, போராட்டம் அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

மாவட்டத்து அதிகாரி நேரில் வந்தார். கொடி குறுக்கே கிடந்ததால் ஜீப்பை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார், நாங்கள் அதையே பாதி வெற்றி என்று எடுத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரி மர நிழலில் நாற்காலி போட்டுப் பேச்சுவார்த்தை. அவர் பிளக்குக்கு ஒப்புக்கொண்டார். மேடைக்கு ஒப்புக்கொண்டார். டாக்டர் விஷயத்தில் வாரத்தில் இரண்டு நாள்வரை ஏறினார், நாங்கள் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கினோம். கடைசியில் எல்லாவற்றையும் மேலே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அந்த நேரத்தில் ஹெப்சிபா தெருவில் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து முப்பிடாதி வீடுவரைக்கும் கொடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய், அங்கே அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்து, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். முப்பிடாதியின் உதடு உப்புப் பூத்ததுபோல வெளுத்திருந்தது. கொடியின் துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். காசிம் பாயின் மிஷின் மத்தியானத்திலிருந்து திக்கித் திக்கி ஓடுவதை நாங்களும் கேட்டிருந்தோம், எண்ணெய் இல்லை என்று நினைத்தோம்.

"இது நிக்கப் போகுது," என்றார். "நிக்கிறதுக்குள்ள அவ சொந்தமா மூச்சு விடணும். இப்பவே வெட்டினா புள்ள போயிரும். இப்படியே விட்டா ரெண்டு பேரும்."

நாளைவரை தாங்குமா என்று கேட்டேன். கேட்டது நான்தான். அதிகாரியின் பேனா மூடி திறந்திருந்தது, இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் ஒரு பேனாவை நாங்கள் கொண்டுவந்ததில்லை, அவள் இன்றைக்கு மூச்சு விட்டால் நாளைக்கு அந்தப் பேனா எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்காது. டாக்டரை முந்திக்கொண்டு முப்பிடாதி சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். இத்தன நாளா எம்புள்ள முன்னால நின்னு கூப்பிட்டது யாரு?"

"உன் வீட்டுக்காரன்தான். அப்புறம் நாங்க எல்லாரும்."

"பதில் சொன்னது?"

"நாங்கதான். ஊரே சொல்லுச்சே."

"பொறவு அவ எப்ப சொல்லுவா? கூப்பிடுததும் நீங்க, பதில் சொல்லுததும் நீங்க. நடுவுல பச்சப்புள்ள வாயத் தொறக்க எடம் எங்க விட்டீய?"

நான் கையெழுத்து என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"கையெழுத்த நீங்க வாங்குங்க அண்ணாச்சி," என்றாள். "எம்புள்ளய நான் வாங்கிக்கிடுதேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து கொடியைத் தூக்கி, கிணற்றுக் கயிற்றைச் சுருட்டுகிறதுபோல முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டே நடந்தாள். தெருவில் கிடந்த கொடியெல்லாம் ரேஷன் கடையையும் தையல்கடையையும் விட்டுக் கிளம்பி அவள் பின்னால் ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் ஊர் வந்தது. டீ மாஸ்டர் வந்தார், காசிம் பாய் வந்தார், ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார், அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தார். கோரைமுனையில் முழக்கம் இல்லாமல் போன ஊர்வலம் அது ஒன்றுதான்.

உள்ளே ஐகோர்ட்துரையின் முறை. முப்பிடாதி மகளுக்குப் பக்கத்தில் மேசையோரமாக உட்கார்ந்து, கொடியை மடியில் வைத்துக்கொண்டாள். புருஷனிடம், நீங்க கூப்பிடுங்க என்றாள். எங்களைப் பார்த்து உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

"இன்குலாப்," என்றான் அவன். கையை விட்டான்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. எழுதுவதற்கு இது லேசாக இருக்கிறது. லத்தி அடி வாங்கியபோது சொன்ன வாய்கள் அவை, லாக்கப்பில் சொன்ன வாய்கள், செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனபோதும் சொன்ன வாய்கள். எங்களில் வயதான தோழர் ஒருவர் தோள் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். ஏட்டு பல்லைக் கடித்தார். அம்மன் கோயில் பூசாரிக்குக் கன்னம் இரண்டும் உப்பி நின்றது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்று நடுங்கியது.

"இன்குலாப்," என்றான் மறுபடியும். குரல் பாதியில் உடைந்தது. கூழைக்கடாவை எழுப்புகிற குரல், கோழியைக்கூட எழுப்பாது என்கிற மாதிரி ஆகிவிட்டது. முப்பிடாதி மடியில் கிடந்த கொடி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே நெடுநேரம் எடுத்துக்கொண்டது. ஹெப்சிபா கத்தரி பக்கம் போகவில்லை, பை பக்கம்தான் கையை வைத்துக்கொண்டு நின்றார். பதில் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவ்வளவு பெரிய காலி இடத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை, வயல்வெளிபோல, ஆள் இறங்காத அளம்போல, ஜன்னலிலிருந்து மேசைவரைக்கும் அது விரிந்து கிடந்தது.

மூன்றாவது தடவை அவன் வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை. பையும் அமுங்கவில்லை.

யாரும் அமுக்காமல் அவள் நெஞ்சு ஏறியது.

ஏறி, நின்று, யோசித்து, ஒரு பக்கமாகக் கோணி, அப்புறம் அவள் அழுதாள். அழுகை என்று மற்றவர்கள் சொல்லுகிறார்கள். மெலிந்து, கரகரத்து, கடைசியில் மேலே ஏறி வெட்டுப்பட்ட அந்தச் சத்தம் எங்களுக்கு அப்படிக் கேட்கவில்லை, நாங்கள் சொல்லாமல் விட்ட பதிலாகத்தான் கேட்டது. மறுபடி மூச்சை இழுத்து மறுபடி கத்தினாள். கைகால் உதறினாள். ரப்பர் பை ஐகோர்ட்துரையின் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

கொடி அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் துடித்து, மெல்லக் குறைந்து, முப்பிடாதியின் மடியிலேயே நின்றது. வெளுத்தது. ஹெப்சிபா விரலை வைத்துப் பார்த்தார், எடுக்காமல் வைத்திருந்தார், பிறகுதான் கத்தரியைக் கேட்டு வாங்கினார். இரண்டு இடத்தில் கவ்வி, நடுவே வெட்டினார். யாராலும் வெட்டமுடியாது என்று ஊர் நம்பியிருந்த கொடி வாழைநாரைப்போல வெட்டுப்பட்டது. மிச்சம் அத்தனையும் முப்பிடாதியின் கையிலிருந்து உதிர்ந்து, உப்புக்காற்றில் சருகாகி, தாழ்வாரத்தில் பறந்துபோனது. பொன்னம்மா ஒரே கூட்டாகக் கூட்டித் தள்ளினாள்.

அதிகாரி அன்றைக்கே கிளம்பிப் போனார். ஒரு நோயாளி இரண்டு நோயாளி ஆகிவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று மேலே எழுதினார். சூடு கொடுக்கிற மேடை அடுத்த வருஷம் வந்தது, மேசைக்குப் பக்கத்திலேயே, பிளக்கோடு. அதன் பக்கவாட்டில் எவன் பெயரைப் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம், நான் சொல்லமாட்டேன். மயக்க டாக்டருக்காக இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் அன்றைக்கு, கொடி வெட்டுப்பட்ட அந்த நிமிஷத்தில், எங்களுக்கு இதெல்லாம் ஞாபகமில்லை. குழந்தை இன்னொரு முறை மூச்சை இழுத்து, முகமெல்லாம் சிவக்க, கூரையைப் பார்த்துக் கத்தினாள். கத்திவிட்டு நிறுத்தினாள். நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். எங்கள் கைகள் தாமாக மேலே போயின. முஷ்டியை மடக்கி, வாயைத் திறந்து, ஜன்னலிலும் வாசலிலும் தாழ்வாரத்திலும் ஊரே நின்றது. அப்போதுதான் தெரிந்தது, இவள் பதில் சொல்லவில்லை, எங்களைக் கூப்பிடுகிறாள். இத்தனை வருஷமாக எந்த முழக்கத்துக்கும் பதில் வைத்திருந்த நாங்கள், இதற்கு என்ன சொல்லுவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தூக்கிய கையை இறக்கவும் தெரியவில்லை.

இன்னும் பலமாக, கொஞ்சம் கோபமாக, மறுபடி கூப்பிட்டாள்.

"இந்தா வந்துட்டேன்ல," என்றாள் முப்பிடாதி. ரவிக்கையின் கொக்கியைக் கழற்றி, எங்கள் பக்கம் முதுகைத் திருப்பி, மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.